கணக்கக்கா பதில்கள்: ஏழு மாதத்துப் பொய்க்காசு

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே பாட்டைப் பல குரலில் கேட்டேன். போனில் வீட்டுக் கணக்கு எழுதத் தொடங்கினேன், இடையில் விட்டுவிட்டேன், இப்போது திறக்கவே பயமாக இருக்கிறது என்ற பாட்டு. ஆகவே சமையல் எரிவாயுக் கேள்விகளையும் அடைவுக் கடைக் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். சம்பளம் 78,000, அதில் லீசிங் தவணைக்கு 31,500 போகும். கணவருக்குச் சீனக்குடாப் பக்கம் வேலை. இரண்டு வருடமாக வைநாப் செயலியில் என் கணக்கை ஒழுங்காக எழுதி வந்தேன். பெப்ரவரி கடைசியில் மாமி விழுந்துவிட்டா. ஆஸ்பத்திரி, பிறகு செத்தவீடு, 31ஆம் நாள் கிரியை, வீடு நிறையச் சனம். அதோடு கணக்கு நின்றது. போன கிழமை துணிந்து திறந்தேன். என் சம்பளக் கணக்கில் 389,500 ரூபாய் இருக்கிறதாம். ஒதுக்குவதற்கு 325,500 ரூபாய் பச்சை நிறத்தில் காத்திருக்கிறதாம். வங்கியில் உண்மையாக இருப்பது 86,250. பார்த்தவுடனே மூடிவிட்டேன். பில்கள் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் கிடக்கின்றன. செத்தவீட்டுக்கு அண்ணன் முறையான ஒருவரிடம் வாங்கிய 60,000 கைமாத்தும் அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் இருந்து எழுத வேண்டுமா, அல்லது அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கலாமா? அழித்தால் என்னை நானே ஏமாற்றுவது போல இருக்கிறது.
– பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் சொப்பிங் பையை எடுத்து அலுமாரிக்கு மேலே வையுங்கள். அதற்குப் பிறகு வருவோம்.

நான் சொல்வது புத்தகத்தில் படித்தது இல்லை. மகளின் கலியாணத்தோடு நானும் ஐந்து மாதம் கணக்கெழுதாமல் விட்டேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் 28 வருடம் கணக்கு எழுதின கை இது. ஐந்து ரூபாய் இடித்தாலும் விளக்கு வைத்துத் தேடிப் பிடிக்கிற பழக்கம். அந்தத் திமிரில், ஐந்து மாதத்தையும் ஒன்றொன்றாக எழுதி முடிப்பேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியும் போனும் வங்கிக் கூற்றுமாக விறாந்தையில் இருந்தேன். முதல் ஞாயிறு ஒரு மாதம் முடிந்தது. இரண்டாவது ஞாயிறு ஏடிஎம்மில் எடுத்த ஒரு 5,000 ரூபாயில் முட்டி நின்றேன். அது தையல்காரிக்குக் கொடுத்த காசு என்று நான் சொல்கிறேன். 'இல்லை, அந்தக் கிழமை பாரை மலிவு, முழு மீனாக வாங்கினேன்' என்று இவர் சொல்கிறார். என்ன மீன், எத்தனை கிலோ, யார் வெட்டினது என்று விசாரணை நடந்து, இரவு ஒன்பது மணிக்குச் சோறில்லாமல் பாண் வாங்கித் தின்றோம். மூன்றாவது ஞாயிறு நான் போனையே தொடவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் தொடவில்லை. ஐந்து மாதப் பாக்கி ஏழு மாதமானது அப்படித்தான்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். அந்த 325,500 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வைநாப் என்பது 'யூ நீட் எ பட்ஜெட்' என்ற பெயரின் சுருக்கம். அது பழைய உறை முறைதான். எங்கள் அம்மாமார் சம்பளம் வந்ததும் அரிசிக்கு, மீனுக்கு, ரியூசனுக்கு என்று காசைப் பிரித்துப் பிரித்து மடித்து வைத்ததைப் போனுக்குள் செய்கிறது. ஆனால் நீங்கள் சம்பளத்தையும் லீசிங்கையும் மாதாமாதம் தானாகப் பதிவாகும்படி வைத்திருக்கிறீர்கள். இது கடிதத்தில் இல்லை, உங்கள் எண்களில் தெரிகிறது. சம்பளம் 78,000, லீசிங் 31,500 என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் நின்றபோதும் சுடலைக்கு ஆட்கள் போனபோதும் செயலி தன்பாட்டில் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தைப் போட்டு லீசிங்கைக் கழித்துக்கொண்டே இருந்தது. ஏழு சம்பளம் 546,000. ஏழு லீசிங் 220,500. மிச்சம் 325,500. அதுதான் உங்கள் பச்சை எண். லீசிங் உறையில் காசு வைக்காமல் அந்தச் செலவு நடந்ததால் ஒவ்வொரு மாதமும் அந்த உறை சிவந்திருக்கும். மாதம் மாறும்போது செயலி அந்தக் குறையை அடுத்த மாதம் ஒதுக்க வேண்டிய காசில் கழித்துவிட்டு உறையைப் பூச்சியமாக்கிவிடும். ஆகவே சிவப்பும் மறைந்துவிட்டது. பெப்ரவரியில் நீங்கள் உறைகளில் போட்டு வைத்த 64,000 மட்டும் அசையாமல் கிடக்கிறது. அதையும் கூட்டினால் 389,500.

மீனும் மரக்கறியும் மருந்தும் ஓட்டோவும் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல் போன தொகை எவ்வளவு? 389,500 இலிருந்து 86,250 ஐக் கழியுங்கள். 303,250. இந்த ஒரே எண்ணுக்குள் உங்கள் சொப்பிங் பை முழுவதும் இருக்கிறது தங்கச்சி. ஏழால் பிரித்தால் மாதம் 43,300 சொச்சம். லீசிங் போக உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது 46,500. செத்தவீடு நடந்த வருடத்தில், ஒரு வரி எழுதாமலே, 64,000 ஐ 86,250 ஆக்கியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளைதான் என்று இவ்விடத்தில் பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அண்ணனின் 60,000 குறுக்கே வந்து நிற்கிறதே. அதையும் சேர்த்துப் பார்த்தால் கூடினது 22,250, கடன்பட்டது 60,000. 37,750 பின்னுக்கு நிற்கிறீர்கள். இதை அறிய ஒரு பில்லையாவது பார்க்கத் தேவை இருந்ததா?

இனி வேலை. ஏழு மாதத்தையும் எழுத வேண்டாம். வங்கி மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, செயலியில் அந்தக் கணக்கைத் திறந்து 'ரீகன்சைல்' என்பதை அழுத்துங்கள். இது நாங்கள் அலுவலகத்தில் எழுதின வங்கிக் கணக்கிணக்கக் கூற்றின் பேத்தி. 'உன் மீதி 389,500 தானா' என்று கேட்கும். இல்லையென்று சொல்லி 86,250 ஐ அடியுங்கள். வித்தியாசத்துக்கு ஒரு சரிக்கட்டல் வரி போடவா என்று கேட்கும். போடச் சொல்லுங்கள். 303,250 ஒரே வரியில் இறங்கும். பச்சை எண் 325,500 இலிருந்து 22,250 ஆகச் சுருங்கும். நெஞ்சு ஒருக்கால் திக்கென்னும், பரவாயில்லை.

கைக்காசையும் அப்படியே எண்ணிப் போடுங்கள். பேர்ஸ், கைப்பை, அரிசிப் பானை, கணவரின் சேட்டுப் பொக்கெட் எல்லாம் பாருங்கள். சாமியறை உண்டியலை விடுங்கள், அது உங்கள் காசு அல்ல. சென்ற ஞாயிறு நான் எண்ணினபோது பேர்ஸில் 5,000 தாள் ஒன்று, 1,000 ஒன்று, நூறு ஏழு, இருபது மூன்று. 6,760 என்று எழுதிவிட்டு எழும்பினேன். பஞ்சாங்கத்தைத் திறந்தால் இன்னொரு 5,000 தாள், யாரோ வீட்டு மொய்க்கு எடுத்து வைத்துப் போகாமல் விட்டது. 11,760. மூலை முடுக்கைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அழிப்பதா என்பது. இரண்டு மூன்று மாதப் பாக்கி என்றால் மேலே சொன்ன சரிக்கட்டலோடு விட்டுவிடச் சொல்வேன். உங்களுக்கு ஏழு மாதம், அத்தோடு வீட்டு நிலைமையும் மாறிவிட்டது. மாமியின் மருந்துச் செலவு உறையில் இனி யாருக்காகக் காசு போடப் போகிறீர்கள்? அந்தச் செயலியில் 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அழுத்தினால் உங்கள் கணக்குகளும் உறைகளின் பெயர்களும் இருக்கும். பழைய பதிவுகள் இல்லாத புதுக் கொப்பி ஒன்று கிடைக்கும். பழைய கொப்பி அழியாது, பூட்டி ஒரு பக்கம் வைக்கப்படும், வேண்டுமென்றால் திறந்து பார்க்கலாம். ஆனால் முதலில் மீதிகளைச் சரிக்கட்டிவிட்டுத்தான் அதை அழுத்த வேண்டும். பொய் மீதியோடு அழுத்தினால் புதுக் கொப்பியின் முதல் வரியே பொய்யாகிவிடும்.

ஏமாற்றுவது போல இருக்கிறது என்று எழுதினீர்கள். சங்கக் கடையில் வருட முடிவில் இருப்பெடுப்போம். சீனி எட்டுக் கிலோ குறையும். எலி தின்றிருக்கும், சாக்கு ஒழுகியிருக்கும், தராசில் கூடிப் போயிருக்கும். எட்டுக் கிலோ குறைவு என்று ஒரு வரி எழுதி, மனேஜரும் நானும் கையெழுத்து வைப்போம். எந்த எலி எந்தக் கிலோவைத் தின்றது என்று ஒருநாளும் எழுதினதில்லை. கணக்காய்வாளரும் கேட்டதில்லை. ஆனால் குறைவை மறைத்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதினவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வேலையை விட்டுப் போனவர்.

பையை அலுமாரிக்கு மேலே வைக்கச் சொன்னேனே, இப்போது இறக்குங்கள். மூன்று வகைக் கடதாசியை மட்டும் பொறுக்குங்கள். யாருக்காவது நீங்கள் கொடுக்க வேண்டியதைக் காட்டுபவை. யாரிடமாவது நீங்கள் வாங்க வேண்டியதைக் காட்டுபவை, அதாவது காப்புறுதிக்கு அனுப்பக் கிடக்கும் மருந்து பில், உத்தரவாதத் துண்டு போன்றவை. வருடத்துக்கு ஒருதரம் வந்து கழுத்தைப் பிடிக்கிற செலவுகள், உதாரணத்துக்கு வாகன வரி, வாகனக் காப்புறுதி. மற்றதெல்லாம் அடுப்புக்கு.

புது உறைகளுக்கு எவ்வளவு போடுவது என்று பழைய கொப்பியைப் பார்க்காதீர்கள். செப்டெம்பர் மாத வங்கிக் கூற்றை மட்டும் எடுத்து, கடை, மீன் மரக்கறி, கரண்ட், தண்ணீர், போன், போக்குவரத்து என்று பேனையால் குறித்துக் கூட்டுங்கள். பழைய சராசரி எவ்வளவு கெட்டுப் போகும் என்பதை 2022 இல் பட்டுத் தெரிந்துகொண்டோம் அல்லவா? 2021 செப்டெம்பரில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ காஸ் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ஆனது. அந்த வருடம் பழைய மாதத்தைப் பார்த்து உறைக்குக் காசு போட்டவர்கள் விறகு தேடினார்கள். அந்தக் கூற்றைக் கோப்பாக இறக்கிச் செயலிக்குள் போட விரும்பினால் சிஎஸ்வி கோப்பாக எடுங்கள், பிடிஎஃப்பை அது ஏற்காது. வெளிநாடுகளில் போல வங்கியை நேரே இணைக்கிற வசதி எங்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால் அது நல்லதுக்குத்தான். கையால் அடிக்கும்போது '350 ரூபாய்க்கு மிக்சரா' என்று ஒரு வெட்கம் வரும், இணைத்துவிட்டால் அதுவும் வராது.

புதுக் கொப்பியில் உறைகள் எல்லாம் வெறுமையாக இருக்கும், ஆகவே பிறகு முழு 86,250 ஐயும் உறைகளுக்குப் பிரியுங்கள். ஒரே கேள்விதான்: 25ஆம் திகதி சம்பளம் வரும்வரை இந்தக் காசு என்னென்ன செய்ய வேண்டும்? லீசிங் 31,500. சாப்பாட்டுக்கு 22,000. கரண்ட், தண்ணீர், போன் 9,000. போக்குவரத்து, பிள்ளையின் பள்ளிக்கூடம் 8,000. இவை நான் மட்டுக்கட்டிப் போட்டவை, உங்கள் செப்டெம்பர் கூற்றைப் பார்த்துத் திருத்துங்கள். மொத்தம் 70,500. மிச்சம் 15,750. உங்கள் கையில் சும்மா இருக்கிற காசு இவ்வளவுதான். அதில் 10,000 ஐ 'கைமாத்து' என்று உறை திறந்து போட்டு, இந்தக் கிழமையே அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் கேட்கவில்லை என்பது அவருக்குத் தேவையில்லை என்று அர்த்தமாகாது. மிச்சம் 5,750 ஐ 'ஆட்டைத் திவசம்' என்ற உறையில் போடுங்கள். பங்குனி வந்தால் ஐயருக்கும் சமையலுக்கும் மறுபடி யாரிடமாவது கை நீட்டாமல் இருக்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சம்பளம் தானாகப் பதிவாகிறதை நிறுத்துங்கள். லீசிங் தானாகக் கழியட்டும், செலவு தானாகக் கழிவதால் ஆபத்தில்லை. வரவைக் கையால் எழுதுங்கள். மாதத்தில் ஒருதரமாவது செயலியைத் திறக்க அது ஒரு சாட்டு. நீங்கள் வராவிட்டால் பச்சைப் பொய்யும் வளராது.

கேள்வி: மிஸ், நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். சீசனில் சேர்விஸ் சார்ஜ், டிப்ஸ் என்று நல்லா வரும், மழை தொடங்கினால் அடிப்படைச் சம்பளம்தான். சீசனில் கணக்கெழுத நேரமே இல்லை. ஜூலையோடு விட்டுவிட்டேன். இப்போது மழை, நேரம் இருக்கிறது, எழுதத்தான் வரவு இல்லை. வங்கியில் 138,000 இருக்கிறது. அதோடு 15 பேர் சேர்ந்த சீட்டு ஒன்று ஜனவரியில் தொடங்கி மாதம் 10,000 கட்டுகிறேன். வீட்டுக் கூரைக்காக ஜூனில் 150,000 எடுத்துவிட்டேன். சீட்டைச் செயலியில் வரவென்று எழுதுவதா, செலவென்று எழுதுவதா?
– கிண்ணியா

பதில்: தம்பி, கிண்ணியாவில் இருந்து கடிதம் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது படகுப் பாதைதான், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை. 2009 இல் பாலம் திறப்பதற்கு முன் அந்தப் பக்கக் கிளைக்குக் கணக்குப் பார்க்க வருவேன். பாதைக்குக் காத்து நின்ற நேரத்தில் ஒரு மாதச் சில்லறைக் கணக்கையே முடித்திருக்கிறேன். நீங்கள் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் பறக்கிற ஆட்கள், எங்கே நேரம்!

விட்ட மாதங்களைப் பற்றி மேலே உவர்மலைத் தங்கச்சிக்குச் சொன்னதே உங்களுக்கும். டிப்ஸை நாள் நாளாக ஞாபகப்படுத்தி எழுத நினைக்கவே வேண்டாம். இன்றைய மீதியைச் சரிக்கட்டுங்கள்.

சீட்டு வரவும் இல்லை, செலவும் இல்லை. எடுக்கும்வரை அது நீங்கள் மற்றவர்களிடம் சேர்த்து வைத்திருக்கிற காசு. எடுத்த நாளில் இருந்து நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன். ஜூனில் எடுத்தபோது ஆறு தவணை கட்டியிருந்தீர்கள், 60,000. கையில் வந்தது 150,000. அன்றைக்கு உங்கள் கடன் 90,000. ஒக்டோபர் தவணையோடு பத்து கட்டியாகிவிட்டது, இன்னும் ஐந்து, 50,000. செயலியில் பட்ஜெட்டுக்கு வெளியே கடன் கணக்கு ஒன்றைத் திறந்து, 'சீட்டு' என்று பெயரிட்டு, மீதியாக 50,000 கடனைப் போடுங்கள். மாதாமாதம் 10,000 கட்டும்போது வங்கியில் இருந்து அந்தக் கணக்குக்கு மாற்றியதாக எழுதி, சீட்டு உறையில் கழியுங்கள். கடன் பத்துப் பத்தாகக் கரைந்து மார்ச்சில் பூச்சியத்துக்கு வரும். 150,000 ஐ வரவு என்று எழுதியிருந்தால் ஜூன் மாதம் நீங்கள் பணக்காரர், மற்ற மாதமெல்லாம் ஏழை என்று காட்டும். இரண்டும் பொய். உங்களுடையது ஆளுக்கு ஆள் சமமாக எடுக்கிற சீட்டு, ஆகவே கணக்கு இவ்வளவு லேசு. கழிவு கேட்டு எடுக்கிற சீட்டென்றால் விட்டுக்கொடுத்த தொகையையும் செலவாக எழுத வேண்டும்.

138,000 ஐப் பற்றி. அடுத்த சீசன் காசு கையில் வர மே ஆகும். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை ஆறு மாதம். ஒவ்வொரு மாதத்தின் பெயரிலும் ஓர் உறை திறந்து 23,000 போடுங்கள். நவம்பர் பிறந்தால் நவம்பர் உறையை மட்டும் உடைத்து, அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து மற்ற உறைகளுக்குப் பிரியுங்கள். சீட்டுத் தவணையும் அதற்குள்ளேதான். மாரி முழுதும் கையில் 138,000 இருக்கிறது என்று நினைத்தால் டிசம்பரிலேயே முடித்துவிடுவீர்கள். 23,000 தான் இருக்கிறது என்று நினைத்தால் நோன்பு மாதத்துக்கும் மிஞ்சும்.

அடுத்த சீசனில் நேரமில்லை என்றால் சின்னச் செலவுகளை எழுதாதீர்கள். வருகிற சேர்விஸ் சார்ஜை மட்டும் வந்த அன்றே, மாதப் பெயரிட்ட இந்த மாரி உறைகளுக்குள் தள்ளிவிடுங்கள். பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் போதும்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கிற குனூகேஷ் என்ற கணக்கு மென்பொருள் பாவிக்கிறேன். குழந்தை பிறந்ததோடு நான்கு மாதம் விட்டுப் போனது. ஒரே இரவில் விழித்திருந்து எல்லாவற்றையும் பதிந்தேன். இப்போது 'இம்பேலன்ஸ்-எல்கேஆர்' என்று ஒரு கணக்கு தானாக முளைத்து 43,870 ரூபாய் காட்டுகிறது. அப்படி ஒன்றை நான் திறக்கவே இல்லை. வைரஸா?
– பாலையூற்று

பதில்: வைரஸ் இல்லை, நித்திரை. குனூகேஷ் இரட்டைப் பதிவு முறை. காசு எங்கிருந்து போனது, எங்கே போனது என்று இரண்டு காலும் வேண்டும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடிக்கும்போது 'வங்கியில் இருந்து 2,400' என்று ஒரு காலை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பீர்கள். மற்றக் காலை அந்தக் கணக்கில் தொங்க விட்டிருக்கிறது. கடைசி மூன்று எழுத்தும் எங்கள் ரூபாயின் குறியீடு. நாங்கள் இதைத் தொங்கல் கணக்கு என்போம்.

அந்தக் கணக்கைத் திறந்து, வரி வரியாகப் போய், இம்பேலன்ஸ் என்று இருக்கிற இடத்தில் சரியான செலவுக் கணக்கைத் தெரிவு செய்யுங்கள். மாற்ற மாற்ற அந்த வரி அங்கிருந்து மறையும். பால்மா, பம்பர்ஸ், கிளினிக் எல்லாம் பெயரைப் பார்த்தவுடனே தெரியும். தெரியாதவற்றை 'ஞாபகம் இல்லை' என்று ஒரு செலவுக் கணக்குத் திறந்து அதற்குள் போடுங்கள். ஒரு பின்னேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். தொகை பூச்சியம் ஆனால் சரி. கணக்கின் பெயர் அங்கே கிடந்தால் கிடக்கட்டும்.

ஒரே பதிவு இரண்டு தரம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடு இரவில் அதுவும் நடக்கும்.

கேள்வி: நான் எழுதுவேன், அவர் எழுத மாட்டார். கேட்டால் 'நீ என்ன பொலிஸா' என்கிறார். மாத முடிவில் எப்போதும் ஒரு தொகை இடிக்கிறது.
– சாம்பல்தீவு

பதில்: அவருக்கென்று ஓர் உறை திறந்து, இரண்டு பேரும் பேசி ஒரு தொகை வைத்து, சம்பளத்தன்றே கையில் கொடுத்துவிடுங்கள். செயலியில் ஒரே வரி. தேத்தண்ணியோ சிகரெட்டோ லொத்தர் சீட்டோ, அதற்குப் பிறகு கேள்வி இல்லை. உங்களுக்கும் அதே அளவில் ஓர் உறை வைக்க மறக்காதீர்கள்.

முடிந்துபோய் 18ஆம் திகதி வந்து கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். போனை அவர் கையில் கொடுத்து, எந்த உறையில் இருந்து எடுக்கிறது என்று அவரையே அழுத்தச் சொல்லுங்கள். என் வீட்டில் முதல் தரம் இவர் கை வைத்தது என் சாறி உறையில். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதம் எடுக்க இருந்த சாறிக்காக எடுத்து வைத்த சட்டைத் துணியை மட்டும் கதிரையில் இவர் கண்ணில் படும்படி விரித்துப் போட்டேன். இரண்டாம் தரம் மீன் உறையில் எடுத்தார்.